நாலரை மணிக்குக் கடை மூடுகிறவன்

மளிகைக் கடைக்காரன் சாயங்காலம் நாலரை மணிக்குக் கடையை மூடினால் ஊர் என்ன நினைக்கும்? வீட்டில் ஏதோ கெட்ட செய்தி என்று நினைக்கும். என் விஷயத்தில் மட்டும் யாரும் அப்படி நினைப்பதில்லை. “காலேஜ் பசங்களுக்கு இன்னைக்கு மேட்ச் போலருக்கு” என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுவார்கள். காரைக்காலில் முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக இந்தக் கூத்து நடக்கிறது.

எனக்கு இரண்டு பைத்தியம் என்பாள் என் மனைவி. ஒன்று, எங்கள் ஊர் அரசுக் கல்லூரியின் கால்பந்து அணி. இன்னொன்று, ‘அரசாங்கம் தன் வேலையை மட்டும் பார்த்தால் போதும், மற்றதை ஜனங்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் நான் செய்கிற உபதேசம். இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதை முதலில் கண்டுபிடித்தது என் மகள். ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது கேட்டாள்: “அப்பா, நீங்க தொண்டை கட்டுற அளவுக்குக் கத்துறீங்களே, அது கவர்மென்ட் டீம்தானே?”

ரசம் புரையேறிவிட்டது. பதில் சொல்லாமல் எழுந்து கை கழுவினேன். அன்றிலிருந்து யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இரண்டாவது பைத்தியம் அப்பா கொடுத்த சொத்து. அவர் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தவர். அப்போது இளவயது, கடையில் எடுபிடி வேலை. பக்கத்தில் இருக்கிற நாகப்பட்டினத்துக்குச் சரக்கு எடுக்கப் போனால் நடுவில் சுங்கச் சாவடி. ஒரு மூட்டை மிளகாய்க்கு இரண்டு அரசாங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பார். சாவடி போனதும் நிம்மதி என்று நினைத்தாராம். பிறகுதான் பர்மிட் என்ற வார்த்தை வாழ்க்கையில் புகுந்தது.

1959-இல் ராஜாஜி தன்னுடைய எண்பதாவது வயதில் சுதந்திராக் கட்சியை ஆரம்பித்தார். ‘பர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம்’ என்று அவர் சொன்னது அப்பாவுக்கு வேதம். கடையில் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ராஜாஜி படமும் இருக்கும். 1967 தேர்தலில் அந்தக் கட்சி மக்களவையில் 44 இடம் பிடித்தபோது கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தாராம். 1972 கிறிஸ்துமஸ் அன்று ராஜாஜி மறைந்தார். அடுத்த இரண்டு வருடத்தில் கட்சியும் வேறொன்றில் கரைந்து போனது. படத்தை மட்டும் அப்பா எடுக்கவில்லை. இப்போதும் இருக்கிறது, கண்ணாடியில் ஒரு கீறலோடு.

எனக்கு இதெல்லாம் புரிந்தது சிமென்ட்டால். 1979-இல் எனக்குப் பதினோரு வயது. பாட்டிக்காக வீட்டின் பின்பக்கம் ஓர் அறை கட்ட ஆரம்பித்தார் அப்பா. அப்போது சிமென்ட் கட்டுப்பாட்டுப் பொருள். முப்பது மூட்டைக்கு எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போவார். அடுத்த வாரம் வா என்பார்கள். எட்டு மாதம் கழித்துப் பத்து மூட்டை கிடைத்தது. அதற்குள் ஐப்பசி மழை வந்துவிட்டது. டெல்டா மழை எப்படி என்று தெரியுமில்லையா? பாதிச் சுவர் ஊறி நின்றது. பாட்டி அந்த அறையில் ஒரு நாள்கூடப் படுக்காமலே போய்ச் சேர்ந்தாள். 1982-இல் கட்டுப்பாட்டைப் பாதி தளர்த்தினார்கள், 1989-இல் முழுக்க எடுத்தார்கள். இன்று போன் போட்டால் சாயங்காலம் வாசலில் மூட்டை இறங்குகிறது. இதில் எந்த அதிகாரியும் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு கிழவி படுக்கிற அறைக்கு எத்தனை மூட்டை என்று எங்கேயோ உட்கார்ந்துகொண்டு ஒருவர் தீர்மானிக்க வேண்டியிருந்ததே, அதைத்தான் சொல்கிறேன்.

முதல் பைத்தியம் நானாகத் தேடிக்கொண்டது. அதே கல்லூரியில்தான் படித்தேன். மூன்று வருடமும் அணியில் இருந்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். ஆடியது மொத்தம் பதினோரு நிமிடம் என்பதைச் சொல்ல மாட்டேன். அந்தப் பதினோரு நிமிடத்தில் பந்து என் பக்கம் இரண்டு முறை வந்தது. ஒரு முறை அதை அடிக்கவும் செய்தேன். படிப்பு முடிந்து கல்லாவில் உட்கார்ந்த பிறகும் கால் மட்டும் கிரவுண்டுக்கே போனது. வருடம் மாறும், பையன்கள் மாறுவார்கள், சட்டையின் கலர்கூட மாறிவிட்டது. நான் மட்டும் கார்னர் கொடிக்குப் பக்கத்தில் அதே இடத்தில் நிற்கிறேன்.

எங்கள் ஊர் அமைப்பே ஒரு வேடிக்கை. புதுச்சேரி எங்களுக்குத் தலைநகர். ஆனால் 130 கிலோமீட்டர் தள்ளி. நடுவில் முழுக்கத் தமிழ்நாடு. காரைக்காலில் எழுதிய ஃபைல் தமிழ்நாட்டைத் தாண்டிப் போய், தமிழ்நாட்டைத் தாண்டித் திரும்பி வர வேண்டும். அதே ஆட்சிப் பகுதியில் இருக்கிற மாஹே, மலையாளக் கரையில், 600 கிலோமீட்டருக்கு அப்பால். அந்தப் பையன்களோடு ஆடினால் நம் பையன்கள் பாதி நேரம் பந்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அங்கே கால்பந்து தாய்ப்பாலோடு வருகிறது.

சில வருடத்துக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை காலையில் புதுச்சேரியில் மேட்ச். கோல் கீப்பர் பையன் கடை வாசலில் வந்து நின்றான். கிளிஞ்சல்மேட்டுப் பையன், அப்பா கடலுக்குப் போகிறவர்.

“மாமா, இந்த வருஷம் போக முடியாது போலருக்கு. பயணப்படி ஃபைல் இன்னும் வரலையாம்.”

“எங்கே இருக்காம்?”

“அதான் யாருக்கும் தெரியலை.”

அன்று கடையை மூன்று மணிக்கே மூடினேன். பரோட்டா கடை பாய் ஐந்நூறு, ஹார்டுவேர் முதலாளி ஆயிரம், பூக்கார அக்கா ஐம்பது, மருந்துக் கடைத் தம்பி ஒரு பை நிறைய வலி ஸ்ப்ரே. ராத்திரி எட்டு மணிக்குள் வேன் வாடகையும் சாப்பாட்டுக் காசும் சேர்ந்துவிட்டது. வியாழன் அதிகாலை மூன்று மணிக்கு வேன் கிளம்பியது. பெனால்டியில் தோற்றார்கள். கோல் கீப்பர் இரண்டைப் பிடித்தும் தோற்றார்கள். அது வேறு கதை.

அந்தப் பயணப்படி இருபத்து மூன்று நாள் கழித்து அனுமதியானது. ஆனால் பணம் தர முடியாது என்றார்கள். ஏனென்றால் பயணம் ஏற்கெனவே முடிந்துவிட்டதாம்!

நான் ஒரு மாதம் வாயை மூடவில்லை. “பார்த்தீங்களா? கடைத்தெரு அஞ்சு மணி நேரத்துல செஞ்சதை அவங்களால ஒரு மாசத்துல செய்ய முடியலை” என்று உப்பு வாங்க வந்தவர்களுக்கும் சொற்பொழிவு. அப்பா இருந்திருந்தால் கற்கண்டு கொடுத்திருப்பார்.

ஒருநாள் பி.டி. சார் டீ குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “வேனுக்குக் காசு நீங்க கொடுத்தீங்கண்ணே. மறுக்கலை. அந்தப் பையன் மூணு வருஷம் படிக்கிறானே, அதுக்கு யாரு கொடுத்தா? கிரவுண்டு யாருது? என் சம்பளம்? உங்க கடைத்தெரு வருஷா வருஷம் கொடுக்குமா?”

கொடுக்கும் என்றேன் வீராப்பாக. மறு வருடமும் வசூலுக்குப் போனேன். பாதிதான் சேர்ந்தது. மூன்றாவது வருடம், நான் நோட்டோடு வருவதைப் பார்த்ததும் ஹார்டுவேர் முதலாளி அவசரமாகக் குனிந்து தராசைச் சரிபார்க்க ஆரம்பித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கும் வட்டி இருக்கிறது, வாடகை இருக்கிறது. அவசரத்துக்குக் கை கொடுக்க ஊரால் முடியும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி தவறாமல் கொடுக்க ஊரால் முடியவில்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்கு மூன்று வருடம் ஆனது.

அரிசி விஷயத்தில் இன்னும் அதிக நாள் ஆனது. 2015 செப்டம்பரில் சண்டிகரோடு சேர்த்துப் புதுச்சேரியிலும் ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடும் திட்டம் வந்தது. பிறகு அரிசியா பணமா என்று முதல்வருக்கும் துணைநிலை ஆளுநருக்கும் பெரிய சண்டை. சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்தன. நான் பணத்தின் பக்கம். என்ன வாங்குவது என்று ஜனங்களே தீர்மானிக்கட்டும், அரசாங்கம் ஏன் அரிசி மூட்டை சுமக்க வேண்டும்? அப்பாவின் மகன் வேறு எப்படிப் பேசுவான்?

எங்கள் தெருவில் இட்லி சுட்டு விற்கிற அக்கா ஒருநாள் பொட்டுக்கடலை வாங்கிக்கொண்டே சொன்னார்: “தம்பி, அரிசி வந்தா அது உலைக்குத்தான் போகும். காசு வந்தா அது எங்க போகும்னு இந்த ஊர்ல உனக்குத் தெரியாதா?” தெரியும். பக்கத்துத் தமிழ்நாட்டிலிருந்தே வண்டி கட்டிக்கொண்டு பாட்டில் வாங்க வருகிற ஊர் இது. அவர் போன பிறகுதான் இன்னொன்று உறைத்தது. ரேஷன் கடை மூடிய பிறகு அந்தக் காசில் ஒரு பங்கு யார் கல்லாவுக்கு வந்தது? என் கல்லாவுக்கு. இத்தனை நாள் நான் கொள்கை பேசினேனா, அரிசி விற்றேனா? 2024 தீபாவளிக்கு முன்பு ரேஷன் கடைகள் மறுபடி திறந்தபோது என் அரிசி வியாபாரம் கொஞ்சம் படுத்தது. அந்த அக்காவுக்கு அன்று கொசுறாக ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை கூடப் போட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

ராஜாஜிகூட இதில் தப்பவில்லை என்று என் தாய்மாமன் அப்பாவைச் சீண்டுவார். 1952-இல் முதல்வரானதும் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்த அதே மனிதர்தானே, 1937-இல் சேலத்தில் மதுவிலக்குக் கொண்டு வந்தார்? ஒருவன் என்ன குடிக்கலாம் என்று அரசாங்கம் சொல்லலாமா மாப்ளே? அந்த வருமானம் போனதால்தானே 1939-இல் விற்பனை வரி வந்தது, அதைத்தானே நீங்க இப்பவும் கட்டுறீங்க? அப்பா பதில் சொல்லாமல் பொட்டலம் மடிப்பார். மாமா போன பிறகு, “கோடு எங்க போடணும்கிறதுல பெரிய மனுஷனுக்கும் தடுமாற்றம் வரும்டா” என்றார் ஒருமுறை.

அந்தக் கோட்டை நான் கிரவுண்டில் நின்றபடி தேடுவேன். 1863-இல் இங்கிலாந்தில் முதன்முதலில் எழுதிய கால்பந்து விதிகள் 13. இன்று 17. நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆகியும் விதிகளின் எண்ணிக்கை நாலுதான் கூடியிருக்கிறது என்று நான் பெருமை அடித்துக்கொள்வதுண்டு. ஒவ்வொரு விதிக்குள்ளும் எத்தனை பக்கம் இருக்கிறது என்று பி.டி. சார் புத்தகத்தைக் காட்டியதும் குரலைக் குறைத்துக்கொண்டேன். ஆனால் இன்னொன்று எனக்குப் பிடிக்கும். ஆரம்ப காலத்தில் ஒவ்வோர் அணியும் தன் ஆளையே தீர்ப்பு சொல்ல நிறுத்தும். ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். அவர்களுக்குள் ஒத்துவராதபோது கேட்பதற்காக வெளியே ஒருவர் நிற்பார். 1891-இல்தான் அந்த வெளியாளை மைதானத்துக்குள் கூப்பிட்டு விசிலைப் பிடி என்றார்கள். அரிசி விவகாரத்தில் நான் யார் என்று இப்போது தெரிகிறதல்லவா? அணியின் சொந்த ஆள், நடுவர் வேஷத்தில்.

நல்ல நடுவர் எப்படி இருப்பார் தெரியுமா? பந்தோடு ஓடுகிற பையனை எதிராளி காலை வாரியும் அவன் விழாமல் ஓடினால், விசில் ஊத மாட்டார். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, ஓடு ஓடு என்பார். விழுந்தால் மட்டும் ஊதுவார். நான் கேட்கிற அரசாங்கம் அவ்வளவுதான் என்று முன்பெல்லாம் சொல்வேன். இப்போது ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்கிறேன்: அந்தப் பையன் மைதானம் வரை வந்து சேர்வதற்கும் ஒரு வழி வேண்டும்.

போன தை மாதம் கோல் கீப்பர் வந்தான். கையில் ஸ்வீட் பாக்ஸ், பின்னால் வெட்கப்பட்டுக்கொண்டு அவன் அப்பா. காலில் விழப் போனவனைத் தடுத்து என்ன விஷயம் என்றேன்.

“ரயில்வேல வேலை கிடைச்சிருக்கு மாமா. ஸ்போர்ட்ஸ் கோட்டா.”

கோட்டா! என்னை அறியாமல் தலை திரும்பி ராஜாஜி படத்தைப் பார்த்துவிட்டது. என் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, “உங்க மாமாவுக்கு அந்த வார்த்தை ஆகாதுப்பா. ஸ்வீட்டை என்கிட்ட கொடு” என்றாள்.

அவள் கை நீட்டுவதற்குள் நான் இரண்டு எடுத்துவிட்டேன்.