எழுத்தின் நிறம்

கடிதத்தின் நிறமே பாதிச் சேதியைச் சொல்லிவிடும் என்பது நம் நாட்டில் குழந்தைக்கும் தெரியும். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தால் கல்யாணம். மூலையில் கறுப்பு இருந்தால் படித்தவுடன் ஸ்நானம். தபால்காரர் படியேறுவதற்குள் பாட்டி மூலையைப் பார்த்துவிடுவாள்.

இப்போது கடிதம் மின்னஞ்சலாகிவிட்டது. வர்ணங்களெல்லாம் திரையின் ஓரத்தில் சிறு கட்டங்களாகக் காத்திருக்கின்றன. தொட்டால் போதும், எழுத்து நிறம் மாறிவிடும். இத்தனை சுலபமாகக் கிடைத்த செல்வத்தை நம்மவர்கள் சற்றுத் தாராளமாகவே செலவழிக்கிறார்கள்.

பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவர், தம் பெண்ணுக்கு ஒரு கல்லூரியிலிருந்து வந்த மின்னஞ்சலை என்னிடம் காட்டினார். இடம் கிடைத்துவிட்டதென்ற சேதி பெரிய நீல எழுத்தில் ஜம்மென்று இருந்தது. பணம் கட்டக் கடைசி நாள் எது என்பதை மட்டும் காணோம். அடியில் ஒரு வரி இடம் வெறுமையாகக் கிடந்தது. அந்த இடத்தை விரலால் அழுத்தித் தெரிவு செய்தேன். ஒளிந்திருந்த எழுத்து வெளிப்பட்டது. வெள்ளைத் திரையில் வெளிர் மஞ்சள்! கெடுவுக்கு ஒரே நாள்தான் பாக்கி. அன்று மாலை முழுவதும் அவர் கடனுக்கு அலைந்து, மறுநாள் எப்படியோ கட்டிவிட்டார்.

எழுதியவர் பொல்லாதவரல்லர். அவருடைய திரை கறுப்பாக இருந்திருக்கலாம். கறுப்பின் மேல் மஞ்சள் பளிச்சென்று தெரியும். மின்னஞ்சலில் நிறம் இரு வகை. நம் திரைக்கு நாம் அமைத்துக்கொள்ளும் நிறம் ஒன்று. வீட்டுச் சுவருக்கு அடித்த வெள்ளையைப் போல் அது நம்மோடு நின்றுவிடும். எழுத்துக்கு இடும் நிறம் மற்றொன்று. அது கடிதத்தோடு பிரயாணம் செய்யும். எழுத்தின் நிறம் மட்டும் சென்று பின்னணி செல்லாவிட்டால், சேதி தெரிவதும் தெரியாததும் பெறுபவரின் திரையைப் பொறுத்தது. ஆகையால் இரண்டையும் சேர்த்து அமைக்க வேண்டும். இல்லையேல் இரண்டையும் வாசிப்பவரின் இஷ்டத்துக்கே விட்டுவிட வேண்டும். தண்டர்பேர்டு போன்ற மென்பொருளில் இதற்கென்றே வசதி இருக்கிறது.

2008-ல் வெளியான உலக வலைக் கூட்டமைப்பின் விதிகள், சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்கின்றன. வெள்ளையில் கறுப்புக்கு 21. சுத்த மஞ்சளுக்கோ 1.07 தான். உபாத்தியாயர்களின் பிராணனாகிய சிவப்புக்கூட ஏறக்குறைய 4-தான்! சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத பிள்ளைகளும் வகுப்பில் உண்டு. பிழையைச் சிவப்பில் காட்டினால் போதாது. அடிக்கோடும் இட வேண்டும்.

இந்த வித்தை காஞ்சிக்குப் புதிதன்று. கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடாக்களை ஓட்டி, இருவர் அமர்ந்து, இரண்டையும் பிரியாதபடி கோக்கிறார்கள். உடலின் நிறத்தைப் பாராமல் கரையின் நிறத்தை முடிவு செய்யும் நெசவாளர் இல்லை. பிறர் எண்ணால் அளந்து விதியாக எழுதியதை நம்மவர் கண்ணால் அளந்து நெய்து வருகிறார்கள். அப்படிப்பட்டவரின் கண்ணுக்கே ஒரு தேதி தெரியாமற்போனது என்றால், குற்றம் கண்ணில் இல்லை.

முக்கியமான சேதியைக் கறுப்பில் எழுதுவோம். மங்களத்துக்கு மஞ்சள் வேண்டுமானால் மூலையில் தடவுவோம். தேதியின் மேல் வேண்டாம்.