வாடைக் காற்றில் குஜிலியம்பாறை

கொடைக்கானலில் குளிரும் என்றால் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். குஜிலியம்பாறையில் குளிரும் என்று நாம் சொன்னால் வாசகர்கள் நகைப்பார்கள். திண்டுக்கல்லுக்கும் கரூருக்கும் ஏறத்தாழ நடுவழியில் கிடக்கும் இந்த வறண்ட சமவெளிக்கு வெயிலைத் தவிர வேறு கீர்த்தி வாய்த்ததில்லை. மண்ணைத் தோண்டினால் சுண்ணாம்புக் கல். தோண்டாமல் விட்டால் சோளமும் முருங்கையும். ஆனால் ஐப்பசி பிறந்து தை கழியும் வரையில், கோவிலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து நாள்தோறும் சைக்கிளில் வந்து, பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டுத் திரும்பும் ஓர் உபாத்தியாயரைக் கேட்டால் விஷயம் வேறு மாதிரியாக இருக்கும். அந்த உபாத்தியாயர் நாம்தான்.

மோட்டார் சைக்கிள் வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று வீட்டில் கேட்காத நாள் இல்லை. நாற்பதைத் தாண்டிய வயிறு கேட்கும் கேள்விக்குச் சைக்கிள்தான் பதில் என்று சொல்லிச் சமாளித்து வருகிறோம். பிடிவாதமும் ஒரு காரணம் என்பதை இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறோம்.

எரியோட்டிலிருந்து வரும் சாலை குஜிலியம்பாறையை நோக்கி வடக்கு முகமாகவே செல்கிறது. கார்த்திகை, மார்கழியில் காற்றோ வடகிழக்கிலிருந்து வருகிறது. ஆகவே காலையில் நாம் வாடைக் காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் மிதிக்க வேண்டும். விடியற்காலையில் இருபது டிகிரிக்குச் சற்றுக் கீழே இறங்குகிற குளிர் ஒரு பெரிய குளிரா என்று கேட்கலாம். நின்றுகொண்டிருப்பவனுக்கு அது பெரிய குளிர் அல்லதான். நனைந்த சட்டையோடு காற்றை எதிர்த்துச் செல்கிறவனுக்கு, உடம்பின் ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. பானையில் தண்ணீர் குளிர்வதும் இதே முறையில்தான். மார்கழி மாதத்தில் நாம் முக்கால் மணி நேரம் மண்பானையாக வாழ்கிறோம்.

மாலையில் அதே வாடை முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் சேர்க்கும். அந்த உபகாரத்தையும் மறைக்கக் கூடாது.

மழை நாட்களில் குடை பிடித்துக்கொண்டு சைக்கிள் விடுவது என்று ஒரு கலை உண்டு. அதை நாம் இரண்டு முறை பயின்றோம். முதல் முறை குடை மட்டும் கவிழ்ந்தது. இரண்டாம் முறை நாமும் கூடக் கவிழ்ந்தோம். இந்தப் பக்கத்துக் குடியானவர்கள் உரச் சாக்கின் ஒரு மூலையை மற்றொன்றுக்குள் மடித்துத் தலையில் போட்டுக்கொள்ளும் கொங்காணிக்கு ஈடான மழைக்கவசத்தை எந்தக் கடையிலும் நாம் கண்டதில்லை. காற்று அதை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் கால்சட்டை அணிந்த உபாத்தியாயர் கொங்காணியுடன் பள்ளிக்கூட வாசலில் வந்து இறங்கினால், அன்றைக்கு முதல் பாடவேளையில் இலக்கணம் நடக்காது.

ஒரு வருஷம் அரையாண்டுப் பரீட்சை விடைத்தாள்களைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தபோது அடைமழை பிடித்துக்கொண்டது. வீட்டில் போய்ப் பிரித்தால் கட்டின் வெளிப்புறத்தில் இருந்த தாள்களில் மை கரைந்து நீலமாக ஓடியிருந்தது. நிழலில் உலர்த்தி, எழுத்துத் தெரிந்தவரையில் படித்தோம். தெரியாத இடங்களில் பிள்ளைகள் சரியாகத்தான் எழுதியிருப்பார்கள் என்று கொண்டோம். அந்த ஆண்டில் எந்தப் பெற்றோரும் நம்மிடம் குறை சொல்லி வரவில்லை.

மழையும் குளிரும் இப்படிச் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடியவை. இருட்டு அப்படி அன்று.

நமது கடிகாரங்கள் காட்டும் நேரம் மீர்ஜாப்பூர் வழியாகச் செல்லும் எண்பத்திரண்டரைத் தீர்க்கரேகையின் நேரம். குஜிலியம்பாறை அதற்கு நாலரை டிகிரி மேற்கே இருப்பதால் சூரியன் இங்கே ஏறத்தாழ 18 நிமிஷம் பிந்தி வருகிறான். வருஷத்தில் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21ஆம் தேதியை ஒட்டியது. ஆனால் மிகப் பிந்திய உதயம் அன்றைக்கு அல்ல. தை மாதத்தின் முற்பகுதியில், ஜனவரி இருபதுகளில், சுமார் 6.41 மணிக்குத்தான் சூரியன் எழுகிறான். மிக முந்திய அஸ்தமனமோ நவம்பர் மூன்றாம் வாரத்தில், சுமார் 5.52 மணிக்கே வந்துவிடுகிறது. ஆங்கிலக் கதைகளில் நீண்டுகொண்டே போகும் அந்தி வெளிச்சம் நமக்குக் கிடையாது. சூரியன் இறங்கினால் இருபது நிமிஷத்துக்குள் இருட்டுக் கவிந்துவிடும். மேகம் மூடிய நாளில் அதுவும் இல்லை.

நம் தகப்பனார் காலத்தில் சைக்கிளுக்கு முனிசிபாலிடியில் வரி கட்டிப் பெறும் வில்லை இருந்தது. விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் பிடிப்பார் என்ற பயமும் இருந்தது. மண்ணெண்ணெய் விளக்கு போய் டைனமோ வந்தது. சக்கரத்தின் டயரை உரசிச் சுழலும் சிறு குமிழ். அதற்குள் ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருள். 1831இல் பாரடே கண்டறிந்த தத்துவம் நமது கிராமச் சாலைகளில் 'கர்' என்று இரைந்துகொண்டு ஓடியது. அதற்குக் குறைகள் உண்டு. வண்டி நின்றால் விளக்கும் நின்றுவிடும். டயர் நனைந்தால் குமிழ் வழுக்கும். அதாவது மழையில், வெளிச்சம் மிகவும் வேண்டிய தருணத்தில், விளக்கு மங்கும். இருந்தாலும் அது விளக்கு. பின்பக்கத்து மட்கார்டின் நுனியில் வெள்ளைப் பூச்சும் சிவப்புக் கண்ணாடியும் இருந்தன.

1949இல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை தொடங்கியதை நம் நாட்டவர் பெருமையோடு பார்த்தார்கள். சீமையிலிருந்து வந்து இறங்கிய வண்டி நம் மண்ணிலேயே உற்பத்தியாயிற்று. இன்று கோடிக்கணக்கில் சைக்கிள் செய்யும் தேசம் நம்முடையது. அத்தனை வளர்ச்சியிலும் விளக்கு மட்டும் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது.

இரண்டு வருஷங்களுக்கு முன், கார்த்திகை மாதத்து இரவு ஒன்றில், தூறலில் வந்துகொண்டிருந்தோம். எதிரே ஒரு லாரி கண்ணைக் குருடாக்கும் வெளிச்சத்தோடு கடந்து சென்றது. அடுத்த கணம் நம் முன்சக்கரம் எதன் மேலோ மோத, நாம் சாலையோரத்துச் சேற்றில் கிடந்தோம். நமக்கு அருகில் இன்னொருவரும் கிடந்தார். இரவு ஷிப்டுக்காக நூல் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியவர். கறுப்புச் சட்டை, கறுத்த வண்டி, விளக்கு இல்லை. நல்லவேளையாக இருவருக்கும் சிராய்ப்போடு போயிற்று. அவருடைய தூக்குவாளி மட்டும் உருண்டு, சோறு சேற்றில் கொட்டிவிட்டது.

"ஏன் ஐயா, ஒரு விளக்கு வைத்துக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்டோம்.

"எனக்கு எதுக்குங்க சார் வெளக்கு? முப்பது வருசமாப் போற ரோடு. கண்ணை மூடிக்கிட்டுப் போவேன்" என்றார் அவர்.

தாம் பார்ப்பதற்கு மட்டுமே விளக்கு என்று அவர் எண்ணியிருந்தார். தம்மைப் பிறர் பார்ப்பதற்கும் அது வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலும். நமக்கும் அப்போது சொல்ல வாய் வரவில்லை. கொட்டிக் கிடந்த சோற்றைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. காரணம் அந்தப் பெரியவர் மட்டும் அல்லர். தமிழ்நாட்டு அரசாங்கம் 2001ஆம் ஆண்டில் ஒரு பகுதி மாணவியருக்கு இலவச சைக்கிள் தரத் தொடங்கி, பின்னர் அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் படிக்கும் மாணவ மாணவியர் எல்லோருக்கும் அதை விரிவாக்கியது. நாட்டில் நடந்த நல்ல காரியங்களில் இதை ஒன்றாக நாம் மதிக்கிறோம். பஸ் வராத ஊர்களிலிருந்து பெண்கள் மேல்வகுப்புக்கு வருவதற்கு அந்த வண்டிகள் எவ்வளவு துணை என்பதைக் கண்ணால் பார்த்து வருகிறோம். ஆனால் நம் கண்ணில் பட்ட வண்டிகள் எதிலும் விளக்கைக் காணோம். அந்தக் குழந்தைகளைப் பொதுத்தேர்வுக்கான சிறப்பு வகுப்பு என்று சொல்லி ஆறேகால் மணி வரையில் உட்கார்த்தி வைத்தவர் யார்? நவம்பர் மாதத்தில், அஸ்தமனமாகி இருபது நிமிஷத்துக்குப் பிறகு அவர்களைச் சாலைக்கு அனுப்பியவர் யார்? உதயாஸ்தமன நேரங்களைக் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்திய அதே உபாத்தியாயர்தான்.

புதுக்கோட்டையை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் அம்மையார் கலெக்டராக இருந்த சமயத்தில், அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து அந்த ஜில்லாவின் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். கல்குவாரியில் வேலை செய்தவர்களும் விவசாயக் கூலிகளும் அவர்களில் இருந்தார்கள். பெண் சைக்கிள் ஓட்டுவதா என்ற ஏளனத்தை அவர்கள் மிதித்துத் தாண்டினார்கள். அவர்களுடைய பேத்திகளின் வயதில் இருக்கும் பெண்களுக்கு இப்போது ஏளனம் பொருட்டல்ல. எதிரே வரும் லாரிதான் பொருட்டு.

பின்லாந்து தேசத்தில் ஓலு என்றொரு நகரம் இருக்கிறது. டிசம்பரில் அங்கே பகல் மூன்றரை மணி நேரந்தான். தெருவெல்லாம் உறைபனி. அந்தப் பனியிலும் ஜனங்கள் சைக்கிளில் வேலைக்குப் போகிறார்கள்; 2013இல் குளிர்காலச் சைக்கிள் பிரயாணத்துக்கென்றே அங்கே ஒரு சர்வதேச மாநாடும் கூடியது. அவர்கள் நம்மைவிடப் பலசாலிகள் என்பது காரணம் அல்ல. சைக்கிளுக்கென்று தனிப்பாதை போட்டு, விளக்கேற்றி, காலையிலேயே பனியை வாரி ஒதுக்கிவிடுகிறார்கள். குஜிலியம்பாறைச் சாலைக்குத் தனிப்பாதை எப்போது வரும் என்று நாம் ஆரூடம் சொல்லப்போவதில்லை.

சிறப்பு வகுப்பைக் காலைக்கு மாற்றலாமா என்று முதலில் யோசித்தோம். தை மாதத்துச் சூரியன் அதற்கு இடம் கொடுக்கவில்லை. வீட்டிலிருந்து குழந்தைகள் இருட்டில் கிளம்ப வேண்டியிருக்கும். மதிய உணவு வேளையில் பாதியையும் மாலையில் பாதியையுமாகப் பிரித்து, ஐந்தேகாலுக்கு மணி அடிப்பது என்று தலைமையாசிரியரிடம் பேசி ஏற்பாடு செய்தோம். தூரத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு அதுவும் போதவில்லை. கடைத்தெருவில் சைக்கிள் பழுது பார்க்கும் கிழவர் பழைய ட்யூபை வளையம் வளையமாக நறுக்கி, மலிவான சிறு டார்ச்சு விளக்குகளை ஹாண்டில்பாரில் இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். பின்னால் ஒட்டுவதற்குச் சிவப்புப் பட்டையும் வாங்கினோம். கட்டுக்கூலி வேண்டாம் என்றார். "பெரியவர் ஒருத்தருக்கும் ஒண்ணு கட்டணும்" என்று சொல்லி மில் தொழிலாளியின் அடையாளத்தைச் சொன்னோம். அவரைத் தமக்குத் தெரியும் என்றார்.

சென்ற வெள்ளிக்கிழமை மழை பிடித்துக்கொண்டதால் எல்லோரும் தாமதமாகவே கிளம்பினோம். முன்னால் ஒன்பது வண்டிகள். ஒன்பது சிறு வெளிச்சங்களும் குண்டு குழிக்கு ஏற்றபடி ஏறி இறங்கிக்கொண்டு, கோவிலூர்ச் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. வாடை நம் முதுகைத் தள்ளிற்று. தரைப்பாலத்துக்கு அருகில் ஒரு வெளிச்சம் மட்டும் ஓரமாக ஒதுங்கி நின்றது.

"செயின் கழண்டிருச்சு, சார்!" என்று குரல் வந்தது.

நாமும் இறங்கினோம்.