லீவு காரணத்துல இல்லாத ஒரு வார்த்தை

இன்னிக்கு ஒரு ஜப்பான்காரம்மா கதை. பேரு செய்கோ ஹஷிமோட்டோ. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் தொடங்க அஞ்சு நாள் இருக்கும்போது, பனி கொட்டற ஹொக்கைடோ தீவுல பொறந்தவங்க. ஒலிம்பிக் சுடரை நினைச்சு வீட்டுல வெச்ச பேருதான் செய்கோ.

அவங்க ஆட்டம் ஸ்பீட் ஸ்கேட்டிங். 1984-லேர்ந்து 1994 வரைக்கும் நாலு குளிர்கால ஒலிம்பிக்ஸ். 1992-ல ஆல்பர்வில்ல 1500 மீட்டர்ல வெண்கலம். குளிர்கால ஒலிம்பிக்ஸ்ல பதக்கம் வாங்கின முதல் ஜப்பானியப் பெண் இவங்கதான். நடுவுல சைக்கிள் பந்தயத்துல மூணு கோடை ஒலிம்பிக்ஸ் வேற! அதுல கடைசியா 1996-ல அட்லாண்டா போனப்ப அவங்க எம்.பி. 1995-லயே மேலவைக்கு ஜெயிச்சு வந்துட்டாங்க.

பதக்கத்தை விட எனக்குப் பிடிச்சது அப்புறம் நடந்ததுதான். 2000-ல, பதவியில இருக்கும்போதே கர்ப்பமானாங்க. மேலவை விதியில, சபைக்கு வராம இருக்கறதுக்கான காரணங்கள்ல 'பிரசவம்'ங்கற வார்த்தையே கிடையாதாம். இவங்களாலதான் அது சேர்ந்துச்சு.

இதைப் படிச்சதும் புனேவுல நான் முதல்ல வேலை பார்த்த ஆபீஸ் ஞாபகம் வந்துச்சு. 2009. லீவு சாஃப்ட்வேர்ல மெட்டர்னிட்டின்னு ஒரு ஆப்ஷனே இல்ல. "சிக் லீவுல போட்டுக்கோங்க மேடம்"னாங்க. எனக்கு என்ன நோயா வந்திருக்கு? சட்டப்படி அப்ப 12 வாரம் உண்டு (2017-லதான் 26 ஆச்சு). சிக் லீவுல போட்டா பத்து நாள் கூடத் தேறாது. ஊர்லேர்ந்து அம்மா வர்றதுக்கு டிக்கெட் போடணும், எத்தனை நாள்னு கூடச் சொல்ல முடியல. மெயில் மேல மெயில் அனுப்பினேன். ஒன்பதாம் மாசம்தான் பதில் வந்துச்சு. எனக்கு அடுத்துப் போன மராத்திப் பொண்ணுக்கு ஒரே க்ளிக்ல வேலை முடிஞ்சுது. நான் பட்டது அவளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

2021 பிப்ரவரியில, கூட்டத்துல பொம்பளைங்க ரொம்பப் பேசறாங்கன்னு சொன்ன யோஷிரோ மோரி, டோக்கியோ ஒலிம்பிக்ஸ் ஏற்பாட்டுக் குழுத் தலைவர் பதவியை விட்டுப் போக வேண்டியதாச்சு. அந்த நாற்காலிக்கு வந்தது யாருங்கறீங்க? நம்ம செய்கோதான்!

வெளியூர்ல வேலைக்குப் போற நம்ம பொண்ணுங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கறேன். உங்க காரணம் லிஸ்ட்ல இல்லைன்னா, இருக்கறதுல ஒண்ணை டிக் பண்ணிட்டு வந்துடாதீங்க. கேளுங்க.