கோட்டுக்கு உள்ளே

கிரிக்கெட் நடுவராக நிற்பதற்கு எனக்கு எந்தத் தகுதியும் கிடையாது. ஆசிரியர் கலாசாலையில் நான் பயின்றது தமிழ். உடற்கல்வி என்று வாரத்துக்கு ஒரு பாடவேளை இருந்தது. அதில் அணிநடை பழக்கினார்கள். நூறு மீற்றர் ஓட்டத்துக்குச் சுண்ணாம்பால் தடம் போடக் கற்றுத் தந்தார்கள். அவ்வளவுதான். ஆனால் கிராமத்துப் பாடசாலையில் தகுதி பார்த்துப் பொறுப்புத் தருவதில்லை. 'முடியாது' என்று சொல்லத் தெரியாதவர் யாரோ அவர் கழுத்தில் விசில் தொங்கும். பதினெட்டு வருடங்களாக அது என் கழுத்தில் தொங்குகிறது.

எங்கள் கரையோரப் பகுதியில் கிரிக்கெட் என்றால் மென்பந்துக் கிரிக்கெட்தான். தோற்பந்து, நகரத்துப் பெரிய பாடசாலைகளின் விளையாட்டு. அதற்குக் காற்காப்பு, கையுறை, தலைக்கவசம் என்று ஒரு கடையே வேண்டும். மென்பந்துக்கு ஒரு டென்னிஸ் பந்தும் மூன்று தடியும் போதும். அறுவடை முடிந்த வயலோ கடற்கரையோ மைதானமாகிவிடும். பெருநாள் விடுமுறை வந்தால் விளையாட்டுக் கழகங்கள் சுற்றுப் போட்டி வைக்கும். ஒலிபெருக்கி கட்டுவார்கள். ஐஸ்பழக்காரன் வருவான். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவர்கள் பிளாஸ்ரிக் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

2023 ஏப்ரலில், நோன்புப் பெருநாள் முடிந்த கிழமை அப்படியொரு சுற்றுப் போட்டி நடந்தது. பதினைந்து வயதுக்குட்பட்டோர் பிரிவில் இறுதிப் போட்டிக்கு எங்கள் ஊர்ப் பொடியன்களும் அடுத்த ஊர்ப் பொடியன்களும் வந்திருந்தார்கள். நடுவருக்கு ஆளில்லை. ஊருக்கு ஒருவராக நிற்போம் என்று முடிவாயிற்று. எங்கள் பக்கத்தில் நான். அவர்கள் பக்கத்தில் அவர்களின் பயிற்றுவிப்பாளர். அவரும் என்னைப் போல ஓர் ஆசிரியர்தான். எங்கள் அணியின் விக்கெட் காப்பாளன் என்னுடைய மகன். தகப்பன் நடுவராகவும் மகன் விக்கெட் காப்பாளனாகவும் ஒரே ஆட்டத்தில் நிற்கக் கூடாது என்று அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

கடைசி ஓவர். மூன்று பந்துகளில் நான்கு ஓட்டங்கள் வேண்டும். அடுத்த ஊர்ப் பொடியன் ஒருவன், மெலிந்தவன், வெறுங்காலோடு ஆடியவன், பந்தை வயல் வரம்புப் பக்கமாகத் தட்டிவிட்டு ஓடினான். ஒன்று முடிந்தது. இரண்டாவதுக்குத் திரும்பினான். பந்து எங்கள் பக்கத்திலிருந்து நேரே மகனின் கைக்கு வந்தது. அவன் விக்கெட்டைத் தட்டிவிட்டுக் கத்தினான். அவனோடு சேர்ந்து பதினொரு பேரும் கத்தினார்கள்.

நான் பக்கவாட்டில் கிழக்கே நின்றிருந்தேன். மேற்கே வயலுக்கு அப்பால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. வெயில் நேரே கண்ணில் அடித்தது. புழுதி எழும்பியிருந்தது. துடுப்பு எங்கே இருந்தது என்று நான் காணவில்லை. இதை இன்று எழுதுவது இலேசாக இருக்கிறது. அன்று அத்தனை பேரின் கண்ணும் என் மேல் இருந்தபோது, 'காணவில்லை' என்ற ஒரு சொல்லை என்னால் சொல்ல முடியவில்லை. விரல் தானாக உயர்ந்தது.

அந்தப் பொடியன் ஒன்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வெளியே நடந்தான். சத்தம் போட்டவர்கள் பெரியவர்கள்தான். அவனுடைய வாப்பா கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தார். கடற்றொழில் செய்கிறவர், குரலும் கடலுக்கு ஏற்ற குரல்.

"என்ன மாஸ்டர் தீர்ப்பு இது? மகன் கத்தினா வாப்பா விரலத் தூக்கிறதா? இதுக்கு எதுக்கு எங்கட புள்ளைகளக் கூப்பிட்டீங்க?"

அவருக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். எங்கள் பக்கத்திலிருந்து இருபது பேர் வந்தார்கள். யாரோ ஒருவன் விக்கெட் தடியைப் பிடுங்கிவிட்டான். இரண்டு ஊருக்கும் இடையே பழைய கதைகள் சில உண்டு. காணிக் கதை, கலியாணக் கதை. அவையெல்லாம் ஒரு ரன் அவுட்டுக்காகக் காத்திருந்தது போல எழும்பி வந்தன.

அப்போது அடுத்த ஊர்ப் பயிற்றுவிப்பாளர் செய்ததை நான் மறக்க மாட்டேன். அவர் தன் பிள்ளைகளை முதலில் ஒரு பக்கமாக இருத்தினார். பிறகு அந்த வாப்பாவின் முன்னால் வந்து நின்றார். "காக்கா, நீங்க வெளிய போங்க. சேரோட நான் கதைக்கிறன். அது என்ட வேல" என்றார். குரலை உயர்த்தவில்லை. கையையும் நீட்டவில்லை. காக்கா முணுமுணுத்துக்கொண்டு பின்வாங்கினார்.

பிறகு அவர் என்னிடம் வந்து, மற்றவருக்குக் கேட்காதபடி கேட்டார்:

"சேர், வடிவாக் கண்டீங்களா?"

கிரிக்கெட் விதியில் இதற்கு இடமிருக்கிறது. நடுவர் ஒருவர் மற்ற நடுவரோடு கலந்து பேசலாம். தாமதிக்காமல் செய்வதானால் தன் தீர்ப்பை மாற்றவும் செய்யலாம். களத்தடுப்பு அணியின் தலைவனும், அடுத்த பந்து ஆட்டத்துக்கு வருவதற்கு முன், நடுவரின் சம்மதத்தோடு முறையீட்டை மீளப் பெறலாம். அந்த மனிதர் எனக்குக் கதவைத் திறந்துதான் வைத்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்:

"கண்டன். கோட்டில இருந்த."

கோட்டின் மேல் இருந்தால் அவுட்தான். துடுப்பு கோட்டைத் தாண்டி உள்ளே பட வேண்டும். விதி சரி. நான் கண்டேன் என்றதுதான் பொய். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். ஆட்டம் தொடர்ந்தது. ஓர் ஓட்டத்தால் நாங்கள் வென்றோம். மஃரிபுக்குப் பாங்கு சொல்வதற்கு முன் கோப்பையும் கொடுத்து முடித்தார்கள்.

அன்றிரவு மகன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். உம்மா இரண்டு தரம் கேட்டும் பேசவில்லை. பிறகு என்னிடம் சொன்னான்:

"வாப்பா, அவன் வந்துட்டான். நான் விக்கெட்டத் தட்டக்குள்ள அவன்ட பட் உள்ளுக்குத்தான் இருந்த."

"அப்ப ஏன் கத்தின? ஏன் சொல்லல்ல?"

"எல்லாரும் கத்தினாங்க, நானும் கத்தினன். பிறகு நீங்க குடுத்திட்டீங்கதானே. அம்பயர்ர தீர்ப்புத்தான் கடைசி, அதுக்கு மேல கதைக்கப்படா எண்டு நீங்கதானே சொல்லித் தந்தீங்க."

உண்மை. நான்தான் சொல்லித் தந்தேன். ஒவ்வொரு வருடமும் விளையாட்டுப் போட்டிக்கு முன் காலைக் கூட்டத்தில் அதைச் சொல்வேன். ஒழுக்கம் என்று நான் கொடுத்த வாக்கியம் அவனுக்கு ஒளிந்துகொள்ள ஓர் இடமாகிவிட்டது. அவன் மட்டுமா? நானும் அதற்குள்தான் ஒளிந்திருந்தேன்.

படுத்த பிறகு பழைய காட்சி ஒன்று நினைவுக்கு வந்தது. 1999 ஜனவரி. அடிலெய்டில் இங்கிலாந்துடன் ஒருநாள் போட்டி. முத்தையா முரளிதரன் பந்தை எறிகிறார் என்று நடுவர் ரொஸ் எமர்சன் 'நோ போல்' கொடுத்தார். அணித் தலைவர் அர்ஜுன ரணதுங்க விரலை நீட்டி நடுவரோடு வாதாடினார். அணியை எல்லைக் கோடு வரை கூட்டிச் சென்றார். ஆட்டம் நின்றது. பிறகு தொடர்ந்து, இலங்கை ஒரு விக்கெட்டால் வென்றது. ரணதுங்கவுக்கு அபராதமும் ஒத்திவைக்கப்பட்ட போட்டித் தடையும் கிடைத்தன. அயல்வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து நாங்கள் கைதட்டினோம். முரளிக்காக ஒருவர் நின்றாரே என்ற நெகிழ்ச்சி எங்களுக்கு. அந்த நெகிழ்ச்சியில் நியாயமும் இருந்தது என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் அதன் பிறகு எங்கள் கடற்கரையில் என்ன நடந்தது? ஒவ்வொரு எல்.பி.டபிள்யூவுக்கும் ஒருவன் விரலை நீட்டினான். ஒவ்வொரு அணியும் வெளிநடப்புச் செய்தது. ரணதுங்க நின்றது தன் ஆட்டக்காரனுக்காக. நாங்கள் நின்றது எங்கள் ஓட்டங்களுக்காக. இந்த வேறுபாடு அன்று எங்களுக்குத் தெரியவில்லை. கயிற்றைத் தாண்டி வரும் வாப்பாமாருக்கும் அது தெரிவதில்லை. மகனுக்காக வருகிறோம் என்று நினைத்துத்தான் வருகிறார்கள். அந்த நேரத்தில் மகன் எங்கே நிற்கிறான், அவன் முகம் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இன்னொரு காட்சியும் நினைவுக்கு வந்தது. 2019 ஜூலை 14, லோர்ட்ஸ் மைதானம், உலகக் கிண்ண இறுதிப் போட்டி. களத்திலிருந்து எறியப்பட்ட பந்து பென் ஸ்டோக்ஸின் துடுப்பில் பட்டு எல்லைக் கோட்டைத் தாண்டியது. எங்கள் நாட்டவரான நடுவர் குமார் தர்மசேன ஆறு ஓட்டங்கள் கொடுத்தார். விதிப்படி ஐந்துதான். பந்து எறியப்பட்ட வேளையில் இரண்டு ஆட்டக்காரரும் ஒருவரையொருவர் கடந்திருக்கவில்லை. ஆட்டம் சமநிலையில் முடிந்து, சுப்பர் ஓவரும் சமநிலையாகி, பவுண்டரிக் கணக்கில் இங்கிலாந்துக்குக் கிண்ணம் போனது. சில நாட்களின் பின் தர்மசேன, தொலைக்காட்சியில் பார்த்தபோது பிழை தெரிந்தது என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். மைதானத்தில் அந்த வசதி தமக்கு இருக்கவில்லை என்றும், எடுத்த தீர்மானத்துக்காக வருந்தப் போவதில்லை என்றும் சொன்னார்.

வருந்தப் போவதில்லை என்றதைப் பலர் குறை சொன்னார்கள். நானும் சொன்னேன். ஆனால் அன்றிரவு எனக்கும் அவருக்கும் உள்ள தூரம் விளங்கியது. அவர் கண்டதாக நம்பியதைக் கொடுத்தார், பிழைத்தது, உலகத்துக்கு முன்னால் பிழை என்றார். நான் காணாததைக் கொடுத்தேன். கேட்டபோது கண்டேன் என்றேன். தவறுவது நடுவரின் தலைவிதி. பொய் சொல்வது தலைவிதியல்ல.

மறுநாள் காலை மகனையும் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் அடுத்த ஊருக்குப் போனேன். கழகத்தில் கேட்டுக் கோப்பையையும் பையில் வைத்திருந்தேன். முதலில் பயிற்றுவிப்பாளர் வீட்டுக்குப் போனோம். நடந்ததைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எனக்கு விளங்கின சேர்" என்றார் பிறகு. "நான் கேட்டபோது நீங்க கண்ணச் சிமிட்டினீங்க. ஆனா அந்த இடத்தில நானும் நீங்களும் முரண்பட்டா, தடியோட நிண்டவங்களுக்கு அது போதும். கோப்பைய நீங்களே வெச்சிக்கங்க. முடிஞ்ச ஆட்டத்தத் திருப்பி ஆட ஏலா. வாங்க, அந்தப் பொடியன்ட வீட்ட போவம். சொல்ல வேண்டியது அவனுக்கு."

கடற்கரை ஓரத்து வீடு. காக்கா வலை பொத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார். நான் வாயைத் திறக்கும் முன் அவர் தொடங்கினார்: "நேத்து நான் கதைச்சது சரியில்ல மாஸ்டர். புள்ளைகளுக்கு முன்னால…" நான் அவரைத் தடுத்தேன். "நீங்க கதைச்ச விதம்தான் பிழை காக்கா. கதைச்ச விசயம் சரி. உங்கட மகன் அவுட் இல்ல" என்றேன். என் மகனும் தான் கண்டதைச் சொன்னான்.

காக்கா வலையைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் வெற்றி எதுவும் தெரியவில்லை. வேறு ஏதோ தெரிந்தது. அது என்னவென்று கொஞ்ச நேரத்தில் விளங்கியது. பொடியன் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மெதுவாகக் கேட்டான்:

"அப்ப நான் ஓடினது சரிதானே சேர்?"

அவன் வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். மைதானத்தில் எனக்கு ஏசியவர், வீட்டுக்கு வந்து இரவு முழுக்க அவனுக்கு ஏசியிருக்கிறார். சோம்பேறி ஓட்டம் ஓடி ஆட்டத்தைத் தோற்கடித்தாய் என்று. அந்தப் பிள்ளையும் தன் கண்ணை நம்பாமல், என் விரலை நம்பி, தான்தான் பிந்திவிட்டோம் என்று ஒப்புக்கொண்டு படுத்திருக்கிறான். மூன்று பெரியவர்கள் அங்கே நின்றோம். மூவருக்கும் அவனைப் பார்க்க முடியவில்லை.

"சரிதான் மகன். நீ வடிவா ஓடினாய்" என்றேன்.

அதன் பிறகு அந்தப் பயிற்றுவிப்பாளரும் நானும் இருந்து சில ஒழுங்குகளை எழுதினோம். பெரிய விதிகளல்ல. சொந்தப் பிள்ளை ஆடும் ஆட்டத்தில் தகப்பன் நடுவராக நிற்பதில்லை. பெற்றோர் கயிற்றுக்கு அப்பால். தீர்ப்பைப் பற்றிக் கேட்பதானால் பயிற்றுவிப்பாளர் மட்டும், தாழ்ந்த குரலில். சந்தேகமிருந்தால் இரண்டு நடுவரும் கூடிப் பேச வேண்டும். அதற்காக எவரும் கேலி செய்யக் கூடாது. ஆட்டம் முடிந்ததும் பெற்றோர் முதலில் தம் பிள்ளையிடம் போக வேண்டும், நடுவரிடமல்ல. இதை ஒலிபெருக்கியில் வாசித்துவிட்டுத்தான் 2024 இல் சுற்றுப் போட்டியைத் தொடங்கினோம். சண்டை அடியோடு நின்றது என்று சொல்ல மாட்டேன். சத்தம் குறைந்திருக்கிறது.

காலைக் கூட்டத்தில் நான் சொல்லும் வாக்கியத்தையும் கொஞ்சம் நீட்டியிருக்கிறேன். நடுவரின் தீர்ப்பே இறுதியானது. ஆனால் உங்களுக்குத் தெரிந்த உண்மையைச் சொல்வதற்கு அது தடையில்லை என்கிறேன்.

கோப்பை இன்னும் எங்கள் கழகத்து அலுமாரியில்தான் இருக்கிறது. நான் இப்போதும் நடுவராக நிற்கிறேன். விரலைத் தூக்குவதற்கு முன், 'சேர், வடிவாக் கண்டீங்களா?' என்ற அந்தக் குரல் காதில் கேட்கும். இரண்டு மூன்று தரம், அத்தனை பேருக்கும் முன்னால், "நான் காணல்ல" என்று சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் சிரிப்பார்கள். பிறகு ஆட்டம் தொடரும்.