மன்னார்க் கரையில் மறைந்த நகரங்கள்

காணியின் விலை ஏறுமேயன்றி இறங்காது என்பது நம் குடும்பங்களில் வேரூன்றிவிட்ட நம்பிக்கை. நகைக்கு அடுத்தபடியாகப் பெட்டிக்குள் பத்திரமாக இருப்பது காணி உறுதியே. அந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க விரும்புவோர் மன்னார்க் கரைக்கு ஒருமுறை சென்றுவருதல் நலம்.

மன்னாருக்குத் தெற்கே, பெருநிலக் கரையில், அரிப்பு என்னும் ஊரிலே இடிந்த மாளிகையொன்று நிற்கிறது. முத்துக்குளிப்பை மேற்பார்வையிட வருங்கால் தங்குவதற்கென ஆங்கிலத் தேசாதிபதி பிரடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டுவித்தது அது. இன்று கடல் அதனைச் சிறிது சிறிதாகத் தன்வசமாக்கி வருகிறது.

அதற்கும் தெற்கேயுள்ள மரிச்சுக்கட்டியில் 1905ஆம், 1906ஆம் ஆண்டுகளில் முத்துச் சலாபம் கூடியபோது, வெறும் மணலில் ஒரு நகரமே எழுந்தது. கிடுகு வேய்ந்த கொட்டில்கள் தெருத்தெருவாக நின்றன. தமிழகத்துக் கரையிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் சுழியோடிகள் வந்தனர். நீதிமன்றமும் மருத்துவமனையும் உண்டாயின. சலாபம் முடிந்ததும் நகரம் கலைந்தது; மணல் மட்டும் மிஞ்சிற்று. 1906இல் முத்துப்பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த இலண்டன் கம்பெனியும் சில ஆண்டுகளிலேயே நலிந்தது. இதனிடையே சிப்பிக்குள் முத்தை வளர்க்கும் வித்தையை யப்பானியர் கைக்கொண்டுவிட்டனர். கடலின் மதிப்பை எங்கோ ஒரு தொழில்நுட்பம் மாற்றிவிட்டது!

இனித் தலைமன்னாரைக் காண்போம். 1914இல் புகைவண்டியும் கப்பலும் இணைந்து சென்னையையும் கொழும்பையும் ஒரே பயணச்சீட்டில் கட்டின. இறங்குதுறையைச் சுற்றி வாணிகம் தழைத்தது. 1964 டிசம்பர்ப் புயல் எதிர்க்கரையிலிருந்த தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து நடந்த கப்பற் போக்குவரத்தும் 1980களில் போரினால் நின்றது. 1990இல் இருப்புப்பாதையும் அற்றது. 2015 மார்ச்சில் புகைவண்டி மீண்டும் இறங்குதுறைவரை வந்தது, கப்பலோ வரவில்லை. முன்னாளில் பொதி சுமந்த கழுதைகளின் வழித்தோன்றல்கள் மன்னார்த் தெருக்களில் வேலையின்றித் திரிவதைக் காணும்போது, கருவி மாறினால் உயிர்களின் நிலையும் மாறும் என்பது விளங்கும்.

இப்பொழுது விலை பெற்றிருப்பது காற்று. சோளகக் காற்றுக்கு உறுதி எழுதியவர் முன்பு எவருமிலர். 2020 டிசம்பரில் தீவின் தென்கரையில் தம்பபவனி என்னும் காற்றாலைப் பண்ணை திறக்கப்பட்டது. 30 சுழலிகள், 103.5 மெகாவாட் திறன். நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மேலும் காற்றாலைகள் அமைப்பதையும் கனிய மணல் அகழ்வதையும் எதிர்த்து 2025இல் தீவு மக்கள் வீதிக்கு வந்தனர். மழைநீர் வடியும் வழி அடைபடும், மீன்பிடி குன்றும் என்பது அவர்களது அச்சம்.

அவ்வச்சத்தை அறியாமை என்று ஒதுக்குதல் தகாது. முத்து போயிற்று, கப்பல் போயிற்று. ஒவ்வொரு முறையும் வந்தவர் பெரும்பாலும் திரும்பிச் சென்றனர். பனையையும் கிணற்றையும் வலையையும் நம்பியவரே ஊரைத் தாங்கினர். நிலத்தின் விலையைக் கருவிகள் ஏற்றலாம், இறக்கலாம். அந்நிலத்தில் நல்ல நீர் ஊறுமா, மழைவெள்ளம் வடியுமா, தோணி கரை சேருமா என்ற கேள்விகளோ எக்காலத்திற்கும் உரியவை. காணி வாங்குவோரும் விற்போரும், நாளை திட்டம் தீட்டப்போகும் மாணவரும், விலை பேசுமுன் இவற்றைக் கேட்டறிதல் வேண்டும்.