நோட்டுப் போடும் அண்ணன்

வங்கிகளில் கம்ப்யூட்டர் நுழைந்த கதையைப் பழைய குமாஸ்தாக்களைக் கேட்டால் சொல்வார்கள். ரங்கராஜன் கமிட்டி 1984-ல் திட்டம் கொடுத்தது. யூனியன்கள் எதிர்த்தன. 1993-ல் அவர்களோடு உட்கார்ந்து ஒப்பந்தம் போட்ட பிறகுதான் வேகம் பிடித்தது. 'வேலை செய்யச் சோம்பேறித்தனம்' என்று கவுன்ட்டருக்கு இந்தப்புறம் நின்று நாம் திட்டினோம். அவர்களுக்கோ வேலையே போய்விடுமோ என்ற பயம்.

ஃபிரெட் டேவிஸ் என்ற அமெரிக்கர் 1989-ல் எழுதிய கட்டுரை இந்த விஷயத்தில் ரொம்பப் பிரபலம். 'இது என் வேலைக்கு உதவும்', 'இது கஷ்டமில்லை' என்ற இரண்டும் மனதில் பட்டால் ஊழியர் புது சாஃப்ட்வேரை ஏற்பார் என்கிறது. அந்த 'என்'னில்தான் சிக்கலே! ஈ.ஆர்.பி.யில் ரிப்போர்ட் முதலாளிக்கு. டைப் அடிக்கிற பாடு ஊழியருக்கு.

என் பெரியப்பா மகன் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்க்கிறார். ஈ.ஆர்.பி. வந்தபோது ஓட்டலில் டிரெயினிங், டி-ஷர்ட், 'சிறந்த யூசர்' கேடயம் எல்லாம் உண்டு. அண்ணன் பகலில் நீள நோட்டில் எழுதி, ஆறு மணிக்கு மேல் அதையே சிஸ்டத்தில் ஏற்றினார். 'திருந்தாத கேஸ்' என்று பெயர் வாங்கினார்.

"லாரி கேட்டுல நிக்குது. பர்ச்சேஸ்ல ஆர்டர் போட மறந்துட்டாங்க. ஆர்டர் நம்பர் இல்லாம சிஸ்டம் சரக்கை வாங்காது. உள்ளே மெஷின் நிக்கப்போகுது. நீ பி.காம்.தானே, என்னடா பண்ணுவே?"

இறக்கிவிட்டு நோட்டில்தான் எழுதுவேன், வேறென்ன?

சிஸ்டத்தின் மேல் தப்பில்லை. ஆர்டர், வந்த சரக்கு, பில் மூன்றும் ஒத்துப்போனால்தான் பணம் என்பது எந்த ஆடிட்டரும் சொல்கிற விதி. ஆனால் மறந்தவர் ஏ.சி. ரூமில் இருக்கிறார். டிரைவரிடம் வசவு வாங்குவது அண்ணன். இதற்குக் கேடயம் கொடுத்து என்ன உற்சாகம் வரும்?

கடைசியில் சாஃப்ட்வேர் கம்பெனிப் பையன் ஒருவன் இரண்டு நாள் கேட்டருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறான். ஆர்டர் இல்லாத சரக்கைத் தற்காலிகமாக வரவு வைக்க ஒரு வழி செய்தான். வைத்த நிமிடமே பர்ச்சேஸ் மேனேஜரின் போனுக்குத் தகவல் போய்விடும். அன்றிலிருந்து அண்ணன் பகலிலேயே சிஸ்டத்தில் பதிகிறார். ஆறு மணிக்கு வீடு.

"அப்போ நோட்டு?" என்றேன்.

"இருக்கட்டும்டா. சர்வர் படுத்துக்கிட்டா அந்தப் பையனே வந்து கேப்பான்."