மே மாதத்து அண்ணன்

சென்ற கோடையில் நெய்வேலியிலுள்ள என் தங்கை வீட்டில் பத்து நாட்கள் தங்கியிருந்தேன். கத்திரி வெயிலில் யாராவது நெய்வேலிக்குப் போவார்களா என்று கேட்காதீர்கள். பாதியில் நின்றுபோன ஒரு நாவல் அவள் வீட்டுக் கொல்லையில் இருக்கும் மாமர நிழலிலாவது நகர்ந்துவிடாதா என்று ஓர் ஆசை. நாவல் நகரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு குடும்ப வழக்கில் தீர்ப்புச் சொல்லும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது.

வழக்கு இதுதான். தங்கையின் மகன் ஒன்பதாம் வகுப்பு எழுதிவிட்டு விடுமுறையில் இருந்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் கிறிஸ்தவர்கள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள். அவர்கள் பையன் ஏலகிரி மலையில் ஐந்து நாள் நடக்கும் வாலிபர் முகாமுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். “உங்க பையனையும் அனுப்புங்களேன்” என்று கேட்டிருக்கிறார்கள். பையனுக்கு ஆசை. மைத்துனருக்கு இஷ்டமில்லை. “போறது அஞ்சு நாளுதான் மச்சான். திரும்பி வர்றப்போ நம்ம பையனாவே வருவானா?” என்று அவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். தங்கை மட்டும் சமையலறை வாசலில் நின்றபடியே, “அண்ணே, நீ போயிருக்கியே, நீயே சொல்லு. அனுப்பலாமா, வேணாமா?” என்றாள்.

கதை எழுதுகிறவனிடம் ஒரு சொல்லில் பதில் வாங்க முடியாது. நான் 1996-லிருந்து ஆரம்பித்தேன்.

ஆனால் அதற்கும் முன்னால் இந்த ஊரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1935-இல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது என்பது இங்கே குழந்தைகளுக்கும் தெரிந்த கதை. 1956-இல் நிலக்கரிக் கழகம் ஏற்பட்டது. அடுத்த வருஷம் மே மாதம் நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கிவைத்தார். 1961-இல் முதல் பழுப்பு நிலக்கரி வெளியே வந்தது. கரியோடு கூடவே ஓர் ஊரும் வந்தது. திருநெல்வேலி, நாகர்கோவில், கேரளம், ஆந்திரம் என்று எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து, வட்டம் வட்டமாகப் பிரித்த வீடுகளில் குடியேறினார்கள். நல்ல மரங்கள், நல்ல தெருக்கள், நல்ல பள்ளிக்கூடங்கள். ஆனால் வீடு யாருக்கும் சொந்தமில்லை. அப்பாவின் பதவி எதுவோ அதற்குத் தகுந்த வகை குவார்ட்டர்ஸ். அப்பா ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். ஒரு பையன் எந்த வகை வீட்டிலிருந்து வருகிறான் என்று தெரிந்தால் போதும், அவன் அப்பாவின் சம்பளம் வரைக்கும் வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

இந்த ஊரில் இல்லாத ஒன்று உண்டு. கிராமத்தில் ஒரு பையனுக்கு அப்பாவோடு மனஸ்தாபம் என்றால், ஓடிப்போய் உட்கார ஒரு மாமன் வீடு இருக்கும். திட்டவும் செய்து, பீடி வாங்கி வரச் சொல்லவும் செய்து, நடுவில் ஒரு நல்ல வார்த்தையும் சொல்லும் ஒரு சித்தப்பா இருப்பார். அப்பாவும் இல்லாமல் சிநேகிதனும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவே நிற்கிற ஒரு மனுஷன். டவுன்ஷிப் பையனுக்கு அப்பா உண்டு, வாத்தியார் உண்டு, தன் வயசுப் பையன்கள் உண்டு. நடுவே ஆளில்லை.

பிற்பாடு புத்தகங்களில் படித்தபோதுதான் தெரிந்தது, கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பிறப்பே இந்த இல்லாமையில்தான் என்று. 1844-இல் லண்டனில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்த ஜார்ஜ் வில்லியம்ஸ் என்பவர் பதினொரு பேரைச் சேர்த்துக்கொண்டு அதைத் தொடங்கினார். வீட்டை விட்டு வந்து கடை மாடியில் படுத்துறங்கிய பையன்களுக்காக. 1885-இல் அதே சங்கத்தைச் சேர்ந்த டட்லி என்பவர் அமெரிக்காவில் ஏழு பையன்களை ஒரு ஏரிக்கரைக்கு அழைத்துப்போய்க் கூடாரம் போட்டார். 1890-இல் சங்கம் சென்னைக்கு வந்துவிட்டது. ஏலகிரியிலும் அதற்கு ஒரு முகாம் இடம் உண்டு. நான் போனது வேறொரு முகாம். எதுவென்பது இந்தக் கதைக்கு வேண்டியதில்லை.

எனக்கு அப்போது பதினைந்து வயது. பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். அடுத்த வீட்டுச் சிநேகிதன் கூப்பிட்டான். அப்பா ஷிப்டு முடிந்து வந்த களைப்பில், “மலையா? போயிட்டு வரட்டும், இங்கே வெயில்ல சுத்தறதுக்கு” என்று சொல்லிவிட்டார். முகாமில் என்ன நடக்கும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கொண்டுவர வேண்டிய சாமான்கள் ஒரு துண்டுச் சீட்டில் இருந்தன. தட்டு, டம்ளர், போர்வை, டார்ச் லைட், நோட்டு, வேதாகமம். கடைசியில் சொன்னதைத் தவிர மற்றதெல்லாம் எங்கள் வீட்டில் இருந்தது.

திருவண்ணாமலை வழியாகத் திருப்பத்தூர் போய், பொன்னேரியிலிருந்து மலை ஏறினோம். 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவது வளைவில் நான் வாந்தி எடுத்தேன். முதுகைத் தடவிக்கொடுத்தவர்தான் எங்கள் குழுவுக்கு அண்ணன். அங்கே நடத்துகிறவர்களை ‘ஸார்’ என்று கூப்பிடக் கூடாது. ஆண்கள் அண்ணன், பெண்கள் அக்கா. எட்டுப் பையன்களுக்கு ஒருவர். எங்கள் அண்ணனுக்கு இருபத்து நாலு வயதிருக்கும். கடலூரில் ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறவர். லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

முகாமில் என்ன போதித்தார்கள் என்று கேட்டால் எனக்கு அதிகம் ஞாபகமில்லை. ஞாபகம் இருப்பது அண்டா. ஒவ்வொரு நாளும் ஒரு குழு பாத்திரம் தேய்க்க வேண்டும். எங்கள் குழுவில் ஒரு பெரிய அதிகாரியின் மகன் இருந்தான். நெய்வேலியில் அவன் தெருப் பக்கம் நாங்கள் சைக்கிள் ஓட்டிப் போவதே அபூர்வம். அவன் இடுப்பு வரை சாம்பார் அண்டாவுக்குள் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் துப்புரவுத் தொழிலாளி ஒருவரின் மகன் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் ஒரே தேங்காய் நாருக்குச் சண்டை போட்டார்கள். சமத்துவத்தைப் பற்றி எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறேன். அந்தத் தேங்காய் நாரைப் போல வேறொன்றும் என் மனத்தில் உட்காரவில்லை.

இன்னொன்று, காலையில் ‘அமைதி வேளை’. ஆளுக்கொரு மரத்தடியில் அரைமணி நேரம் தனியாக உட்கார்ந்து வேதம் வாசிக்க வேண்டும். இரண்டு அறை வீட்டில் ஐந்து பேரோடு வளர்ந்தவனுக்கு, யாரும் கூப்பிடாமல் அரைமணி நேரம் தனியாக இருக்கலாம் என்று ஒருவர் அனுமதி கொடுத்தது அதுவே முதல் தடவை. அண்ணன் தம் வேதாகமத்தை என்னிடம் கொடுத்து, “மாற்கு படி, நாலு சுவிசேஷத்துல அதுதான் சின்னது” என்றார். பக்தியில்லாமல்தான் படித்தேன். கதை ஓட்டமாக ஓடுகிறதே என்று வியந்தேன். மீதி நேரத்தில் எறும்புகளைப் பார்த்தேன்.

நாலாம் நாள் சுவாமி மலை ஏறினோம். நானும் அண்ணனும் பின்தங்கிவிட்டோம். அங்கேதான் அதுவரை யாரிடமும் சொல்லாத ஒரு சங்கதியைச் சொன்னேன். கணக்குப் பரீட்சையில் பாதிக்கு மேல் எழுதாமல் எழுந்து வந்திருந்தேன். ஜாமெட்ரி பெட்டிக்குள் நூற்று நாற்பது ரூபாய் சேர்த்து வைத்திருந்தேன். முடிவு வரும் அன்று காலையில் சென்னைக்கு பஸ் ஏறிவிடுவது என்று தீர்மானம். அதற்கும் மேலே சில யோசனைகள் இருந்தன. அவற்றை அவரிடமும் சொல்லவில்லை. அவர் கேட்காமலே புரிந்துகொண்டார் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அவர் ஜெபம் செய்யவில்லை. வசனம் சொல்லவில்லை. “மெட்ராஸ்ல எங்கே இறங்குவே?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை.

“எங்கே சாப்பிடுவே?”

அதுவும் தெரியவில்லை.

“சரி. ரிசல்ட் அன்னைக்கு நான் உங்க வீட்டுக்கு வர்றேன். நான் வர்ற வரைக்கும் அந்தப் பணத்தை எடுக்காதே. நான் வந்த பிறகும் உனக்குப் போகணும்னு இருந்தா, நானே பஸ் ஏத்திவிடறேன்.”

அன்று இரவுதான் கடைசி இரவு. தீ மூட்டிச் சுற்றிலும் உட்கார்ந்தோம். வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். குரல் ஏறி இறங்கியது. கண்களை மூடச் சொன்னார். “வாழ்க்கையை ஒப்புக்கொடுக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்” என்றார். உயர்த்தினேன். கடவுளுக்காகவா, அண்ணனுக்காகவா, பக்கத்தில் இருந்தவன் உயர்த்தினான் என்பதற்காகவா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த இரவைப் பற்றி எனக்கு இன்றும் நல்ல அபிப்பிராயம் இல்லை. நாலு நாள் தூக்கம் கெட்ட பையனை, நெருப்பின் முன்னால் உட்காரவைத்து, ஆயுசுக்குமான கேள்வியைக் கேட்கக் கூடாது. அந்த நேரத்தில் எதைக் கேட்டாலும் கை உயரும்.

மறுநாள் காலை எங்கள் குழுவின் முறை. அண்டா தேய்த்துக்கொண்டே அண்ணனிடம், “நேத்து கை தூக்கினேனே, இனி நான் என்ன செய்யணும்?” என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“வீட்டுக்குப் போ. சாப்பிடு, தூங்கு. ஒரு மாசம் கழிச்சும் இதே மாதிரி இருந்தா உங்கப்பாகிட்டே பேசு. அவர்கிட்டே சொல்ல முடியாத எதையும் எங்களுக்காகச் செய்யாதே.”

பிரசங்கியார் இதைக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்.

முடிவு வந்தது. அந்தக் காலத்தில் பத்திரிகையில் நம்பர் போடுவார்கள். என் நம்பர் இல்லை. நான் தெருமுனையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது, வாசல் கேட்டருகே அண்ணன் நின்றுகொண்டிருந்தார். கடலூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தார். சட்டை முழுக்க வியர்வை. கையில் அதே பத்திரிகை. “அப்பாகிட்டே நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?” என்றார். “நீங்க சொல்லுங்க” என்றேன்.

அப்பா இரண்டு மணிக்கு ஷிப்டு முடிந்து வந்தார். வராந்தாவில் இரண்டு நாற்காலி. அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். கணக்குப் பரீட்சை, நூற்று நாற்பது ரூபாய், பஸ். நான் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. பிறகு திடீரென்று பம்புகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவர் சுரங்கத்தில் நிலத்தடி நீர் இறைக்கும் பிரிவில் இருந்தார். கரிக்குக் கீழே நீர் எவ்வளவு அழுத்தத்தோடு இருக்கிறது, இரவு பகலாக அதை இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கத்தின் அடித்தரை எப்படிப் பொங்கி எழும், எத்தனை பம்பு, எவ்வளவு ஆழம் என்று ஒரு மணி நேரம் அந்த அந்நிய வாலிபனுக்கு விளக்கினார். மகனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அண்ணனும் பொறுமையாகக் கேட்டு, நடு நடுவே சந்தேகமும் கேட்டார். காப்பி சாப்பிட்டுவிட்டு ஐந்து மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அவர் போன பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

“அஞ்சு நாள் பழக்கத்துல அவன்கிட்டே சொல்லியிருக்கே. பதினஞ்சு வருஷமா நான் இருக்கேன்” என்றார். அவ்வளவுதான்.

அந்த வார்த்தை எத்தனை அடிக்குச் சமம் என்பதை, எனக்கு ஒரு மகன் பிறந்து அவனுக்குப் பதின்மூன்று வயதான பிறகுதான் அறிந்தேன். முகாம் எனக்கு ஒன்றைக் கொடுத்தது வாஸ்தவம். கொடுத்தபோது அப்பாவிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டது. ஜாமெட்ரி பெட்டிப் பணத்தில் அடுத்த பரீட்சைக்குக் கட்டணம் கட்டித் தேறினேன். ஒரு மாதம் கழித்து, உயர்த்திய கை பற்றி அப்பாவிடம் பேச எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. என் சிநேகிதன் இன்று ஓர் ஊரில் போதகராக இருக்கிறான். நான் இப்படி இருக்கிறேன்.

“அப்போ அனுப்பலாம்கறே” என்றாள் தங்கை.

“பொறு” என்றேன். எல்லா அண்ணன்களும் அச்சகத்துக் கணக்குப்பிள்ளைகள் அல்ல. இங்கிலாந்தில் ஐவர்ன் முகாம்கள் என்று இருந்தன. பெரிய பள்ளிக்கூடங்களின் பையன்களுக்கானவை. அவற்றில் தலைவராக இருந்த ஜான் ஸ்மைத் என்ற வழக்கறிஞரும் அப்படித்தான் பையன்களுக்கு மூத்த அண்ணனாக இருந்தார். அவர்களுடைய ரகசியங்களைக் கேட்டார். பிறகு பாவத்துக்குத் தண்டனை என்று சொல்லித் தம் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் இரத்தம் வர அடித்தார். 1980-களின் தொடக்கத்திலேயே சில பெரியவர்களுக்கு அது தெரிந்திருந்தது, மூடி மறைத்தார்கள். அவர் ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கேயும் முகாம் நடத்தினார். தண்டனை பெறாமலே 2018-இல் செத்துப்போனார். 2024 நவம்பரில் விசாரணை அறிக்கை வெளிவந்து, காண்டர்பரி ஆர்ச்பிஷப் ஜஸ்டின் வெல்பி பதவி விலக நேர்ந்தது. அந்தப் பையன்களும் வீட்டில் நடுவே நிற்க ஆளில்லாமல்தான் ஓர் அண்ணனைத் தேடியிருக்கிறார்கள்.

மைத்துனர், “பாத்தீங்களா மச்சான், நான் சொன்னேனே” என்றார்.

அவர் சொன்னது வேறு. அவர் பயந்தது பையன் வேறு மதத்துக்குப் போய்விடுவான் என்று. என் பயம், அவன் வீட்டில் சொல்ல முடியாத ஒன்றோடு திரும்பி வந்துவிடக் கூடாதே என்பது. ஆகையால் நான் மைத்துனரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். “அவனுக்கு யார் அண்ணன்? அந்த ஆள் இந்த வராந்தாவுக்கு வந்து உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவானா?”

மைத்துனர் பக்கத்து வீட்டுக்குப் போனார். மறுநாள் மாலை ஒரு வாலிபன் மோட்டார் சைக்கிளில் வந்தான். ஏதோ கம்பெனியில் கணினி வேலை பார்க்கிறானாம். செருப்பை வெளியே விட்டுவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். மைத்துனர் அரைமணி நேரம் குறுக்கு விசாரணை செய்தார். பையன் போன் வைத்துக்கொள்ளலாமா? ராத்திரி யார் கூடப் படுப்பார்கள்? நடுவில் நாங்கள் வந்து பார்க்கலாமா? பையன் கோயிலுக்குப் போகிறவன், தெரியுமா? எல்லாவற்றுக்கும் அவன் பதில் சொன்னான். ஒரு கேள்விக்கு மட்டும், “அது எனக்குத் தெரியாது சார், கேட்டுட்டு நாளைக்கு வந்து சொல்றேன்” என்றான். மறுநாள் வந்தும் சொன்னான். எனக்கு அந்தப் பதில்தான் பிடித்திருந்தது. மைத்துனருக்கு என்ன பிடித்தது என்று தெரியவில்லை. ஆனால் பணம் கட்டினார்.

புறப்படும் அன்று காலையில் தங்கை பரணிலிருந்து ஒரு தட்டை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். “இது வேணாம்மா, எல்லாரும் டப்பா கொண்டு வருவாங்க” என்று பையன் சிணுங்கினான். திருப்பிப் பார்த்தேன். அடியில் புள்ளி புள்ளியாகப் பொறித்த எழுத்து, கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் படிக்க முடிந்தது. அப்பாவின் பெயர். நான் கொண்டுபோன தட்டு.

“இதிலேதான் சாப்பிட்டீங்களா மாமா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.